கணிப்பொறியின் மரண வாக்குமூலம்

ஒருவன் தீக்காயமுற்று மருத்துவமனையில் உயிர் ஊசலாடக் கிடக்கின்றான். நடுவர் ஒருவர் விரைந்து வருகிறார். அவனுக்கு நினைவு தெளிவாக உள்ளதா என்று மருத்துவரைக் கேட்டறிந்துகொண்டு, அவன் கூறுவதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்கிறார். மரண வாக்குமூலம் என்று சட்டம் இதனைக் கூறும். நடந்ததை அறிந்தவன் அவன் ஒருவனே. அவனும் இன்னும் சற்று நேரத்தில் இல்லாமற்போவான். ஆகவேதான் அத்தனை விரைவும் அத்தனை கவனமும் அங்கே வேண்டியிருக்கின்றன. கணிப்பொறிக்கும் இத்தகைய வாக்குமூலம் ஒன்று உண்டு. பொறியியலார் அதனைக் 'கிராஷ் டம்ப்' என்று வழங்குவர். அது பெறப்படும் முறையைப் பற்றியும், அதனைப் பெறுவதற்காக நினைவகத்தில் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய ஏற்பாட்டைப் பற்றியும் இன்று பேச எண்ணுகின்றேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி. அதனால்தான் மருத்துவமனையிலிருந்து தொடங்கினேன்.

இப்பொருள் பொறியியலாரோடு நின்றுவிடுவது அன்று. 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19ஆம் நாள் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன்னுடைய காவல் நிரலுக்கு அனுப்பிய ஒரு புதிய தகவற்கோப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்கு ஏறுசீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவமனைகளும் வங்கிகளும் பல நாடுகளில் தடுமாறின. அந்தப் பொறிகள் விட்டுச்சென்ற டம்ப்களை ஆராய்ந்துதான், காவல் நிரல் நினைவகத்தில் தனக்குரிய எல்லையைத் தாண்டிப் படிக்க முயன்றது என்பதை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் உறுதிசெய்தனர். கொடுக்கப்பட்ட உள்ளீடுகள் 20. நிரல் தேடியதோ 21ஆவதை. வகுப்பில் 20 மாணவர் இருக்க, 21ஆம் எண்ணுடையவனை எழுந்து நிற்கச் சொன்னது போன்ற பிழை. இத்தனை சிறிய பிழை அத்தனை பெரிய தொல்லையை விளைத்தது என்பதை அறியச் சான்று ஒன்று எஞ்சியிருந்தது. எஞ்சாதிருந்தால் ஊகங்களே உலவிக்கொண்டிருக்கும்.

கணிப்பொறியில் நாம் காணும் நிரல்கள் யாவற்றுக்கும் அடியில் நின்று அவற்றுக்கு வேலை பங்கிட்டுக் கொடுக்கும் உட்கருவைக் கெர்னல் என்பர். நினைவகத்தில் எந்த நிரலுக்கு எவ்விடம், வட்டில் எழுதுவது எப்போது, வலைப்பின்னலிலிருந்து வந்த செய்தி யாருக்கு உரியது என்பனவெல்லாம் அதன் பொறுப்பு. சாதாரண நிரல் ஒன்று பிழைபட்டு இறந்தால், கெர்னல் அருகில் நிற்கிறது. இறந்த நிரலின் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுகிறது. இதனைக் 'கோர் டம்ப்' என்பார்கள். பழங்காலக் கணிப்பொறிகளில் சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பியிற் கோத்து நினைவகம் செய்தார்கள்; அவ்வளையத்துக்குக் 'கோர்' என்று பெயர். வளையங்கள் வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நிற்க. நிரல் இறந்தால் எழுதிக்கொள்ளக் கெர்னல் உண்டு. கெர்னலே இறந்தால் எழுதிக்கொள்பவர் யார்? இந்த ஒரு வினாவிலிருந்துதான் இத்துறை முழுவதும் கிளைத்தது என்று சொல்லிவிடலாம்.

கெர்னலின் இறப்பு பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும் இறப்பு என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். தன் கணக்குகள் தமக்குள் முரண்படுவதை அது காண்கிறது. இருக்க வேண்டிய முகவரியில் குப்பை இருக்கிறது. அல்லது பூட்டியிருக்க வேண்டிய பட்டியல் திறந்து கிடக்கிறது. மேற்கொண்டு நடந்தால் வட்டில் உள்ள நல்ல தகவலின்மேலும் பிழையை எழுதிவிட நேரும். அதனினும் நின்றுவிடுவதே மேல் என்று அது தீர்மானிக்கிறது. யூனிக்ஸ் மரபில் இதற்குப் 'பேனிக்' என்று பெயர். பெயரைப் பார்த்தால் கலக்கம் போலத் தோன்றினும், செய்கை என்னவோ மிக நிதானமானது. நீலத்திரையைக் கண்டு சலித்துக்கொள்கிறவர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

பழைய வழி எளிது. இறக்கும் கெர்னலே தன் கையால் தன் நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டுக் கண்மூடும். பெர்க்லி யூனிக்ஸ் வகையில், நினைவகம் நிரம்பும்போது பக்கங்களை இறக்கிவைப்பதற்கென்று வட்டில் ஒதுக்கிய இடத்திலேயே இந்த வாக்குமூலம் எழுதப்பட்டது. பொறி மறுபடி எழுந்தவுடன், அவ்விடம் வேறு பயனுக்குப் போய் அழிவதற்குள், அதனை எடுத்துக் கோப்பாகச் சேமிக்க 'சேவ்கோர்' என்றொரு நிரல் இருந்தது. விண்டோஸ் இன்றும் இவ்வழியையே தழுவி நிற்கிறது. எனினும் ஒரு முன்யோசனை அதில் உண்டு. வட்டில் எழுதுவதற்கு வழக்கமாகக் கோப்பு முறைமையின் உதவி வேண்டும்; அந்தக் கோப்பு முறைமையே பிழைபட்டிருக்கக் கூடும். ஆகவே பொறி நலமாக எழும்போதே பக்கக்கோப்பு வட்டின் எந்தெந்தத் துண்டுகளில் கிடக்கிறது என்னும் வரைபடத்தை எடுத்துத் தனியே வைத்துக்கொள்கிறது. வட்டை இயக்கும் நிரலுக்கும் தனிப்படி ஒன்று வைத்துக்கொள்கிறது. இறுதி வேளையில் கோப்பு முறைமையைக் கேளாமல், வரைபடத்தைப் பார்த்து நேரே அத்துண்டுகளில் எழுதுகிறது. மறுமுறை எழுந்தபின் அது உரிய கோப்பாக மாற்றப்படுகிறது. முழு நினைவகமும் வேண்டுமென்றால் பக்கக்கோப்பும் நினைவகத்தைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தாக வேண்டும். வீட்டுக் கணிப்பொறிகளில் சிறு டம்ப் ஒன்றும் எழுதப்படுவதுண்டு; 64 பிட்டு விண்டோஸில் அதன் அளவு 256 கிலோபைட்டு. விழுந்த இடத்தின் எண்ணும், அப்போது நடந்துகொண்டிருந்த வேலையும், ஏற்றப்பட்டிருந்த நிரல்களின் பட்டியலும் அதிற் காணப்படும்.

இவ்வழியின் குறை வெளிப்படை. சித்தம் கலங்கியவன் கையில் எழுதுகோலைக் கொடுத்து, நடந்ததை எழுது என்கிறோம். அவன் எழுதுவதை எவ்வளவு நம்பலாம்? அதைவிடவும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு: வட்டு இயக்கியே கெட்டுப்போயிருந்தால், டம்ப் எழுத வேண்டிய இடத்தை விட்டு, பிறருடைய தகவல் இருக்குமிடத்தில் எழுதிவிடக்கூடும்.

லினக்ஸ் உலகத்தில் இதற்காகப் பல முயற்சிகள் நடைபெற்றன. வட்டில் எழுதும் முறையொன்றும் வலைப்பின்னல் வழியாக வேறு பொறிக்கு அனுப்பும் முறையொன்றும் சில காலம் வழங்கின. அவை எல்லாமே இறக்கும் கெர்னலை நம்பியவை. 2005ஆம் ஆண்டில் வேறொரு கருத்து உருப்பெற்றது. விவேக் கோயல், எரிக் பீடர்மேன், ஹரிபிரசாத் நெல்லித்தீர்த்தா என்னும் மூவர் கனடா நாட்டு ஒட்டாவா நகரில் அவ்வாண்டு நடைபெற்ற லினக்ஸ் மாநாட்டுக்கு அதனை விளக்கும் கட்டுரை ஒன்றை அளித்தனர். 'கேடம்ப்' என்பது அதன் பெயர். அவ்வாண்டே லினக்ஸ் கெர்னலின் 2.6.13ஆம் பதிப்பில் அது சேர்ந்தது. கருத்து இதுதான்: இறக்கின்றவனை எழுதச் சொல்ல வேண்டா, நலமுள்ள இன்னொருவனை அருகிலேயே உறங்க வைத்திருங்கள். முதல்வன் விழுந்தவுடன் அவன் எழுந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வான்.

அந்த இன்னொருவனும் ஒரு கெர்னலே. ஆனால் அவன் உறங்குவதற்கு இடம் வேண்டும் அல்லவா? அந்த இடம்தான் இப்பேச்சின் உயிர்நாடி.

நம் உழவர் வீடுகளில் விதைநெல்லைத் தனிக் கோட்டையாகக் கட்டி வைப்பார்கள். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அதில் கைவைக்க மாட்டார்கள். கேடம்ப் கேட்பதும் அத்தகைய விதைநெல்லே. பொறி எழும் முதற் கணத்திலேயே, நினைவகத்தின் ஒரு தொடர்ச்சியான பகுதி 'கிராஷ்கெர்னல்' என்னும் கட்டளையால் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. முதற் கெர்னல் அதனை எவருக்கும் பங்கிடுவதில்லை. இரண்டாங் கெர்னலும் அதற்கு வேண்டிய சிறு கோப்பு முறைமையும் அவ்விடத்தில் ஏற்றப்பட்டுக் காத்துக் கிடக்கின்றன. சில வகைப் பொறிகளில், ஏற்றியபின் அவ்விடத்தில் எவரும் எழுத இயலாதவாறு பூட்டியும் வைக்கிறார்கள்.

ஏன் முதற் கணத்திலேயே ஒதுக்க வேண்டும்? விழும்போது, கையிற் கிடைத்த காலியிடத்தில் இரண்டாங் கெர்னலை வைத்தால் ஆகாதா? ஆகாது. தொடர்ச்சியான பெரிய இடம் அப்போது கிடைப்பது அரிது என்பது ஒரு காரணம். அதனினும் வலிய காரணம் வேறொன்று. வலையட்டை, வட்டுக் கட்டுப்படுத்தி முதலிய கருவிகள் கெர்னலின் கையை எதிர்பாராமல் தாமே நேரடியாக நினைவகத்தில் எழுதும் ஆற்றல் பெற்றவை. இன்ன முகவரியில் எழுது என்று கெர்னல் முன்பே சொல்லி வைத்திருக்கும். கருவி தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். கெர்னல் இறந்தது கருவிக்குத் தெரியாது. ஒருவர் திடீரென்று வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார், பால்காரருக்குச் சொல்லவில்லை. பால்காரர் விடியற்காலை இருளில் வழக்கம்போல வந்து, திண்ணையில் செம்பு இருக்கும் இடம் பார்த்துப் பாலை ஊற்றிவிட்டுப் போகிறார். புதிதாகக் குடிவந்தவர் அவ்விடத்தில் தம் கணக்குப் புத்தகத்தை வைத்திருந்தால் என்ன ஆகும்! பழைய கெர்னல் பயன்படுத்திய எந்த இடத்தில் புதியது குடியேறினாலும் இந்த இடர் உண்டு. தொடக்கம் முதலே எந்தக் கருவிக்கும் முகவரியாகச் சொல்லப்படாத இடம் ஒன்றே பாதுகாப்பானது.

கருவிகளை முறைப்படி நிறுத்திவிட்டுப் பின்பு மாறினால் என்ன என்று கேட்கலாம். நிறுத்துகிற நிரலும் இறக்கும் கெர்னலின் உறுப்புத்தானே. அது எந்தப் பூட்டில் சிக்கி நிற்குமோ, யார் அறிவார்? ஆகவே கேடம்ப் முறையில் இறக்கும் கெர்னலிடம் மிகமிகக் குறைந்த வேலையே கேட்கப்படுகிறது. புதிய கெர்னல் எழுந்து, தன் இயக்கிகளைத் தொடங்கும்போது, கருவிகளை முதலிலிருந்து அமைத்துக்கொள்கிறது.

அந்தக் குறைந்த வேலை யாது என்பதைக் காண்போம். பேனிக் நேர்ந்த செயலகம் மற்றச் செயலகங்களுக்கு மறுக்க முடியாத அழைப்பு ஒன்றை அனுப்புகிறது. வேறு எவ்வேலையில் ஆழ்ந்திருப்பினும் அவை அதனைக் கேட்டே ஆக வேண்டும். ஒவ்வொன்றும் தன் பதிவேடுகளில் அப்போதிருந்த மதிப்புகளைக் குறித்த இடத்தில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. பின்னர்க் கட்டுப்பாடு ஒதுக்கிய பகுதிக்குள் தாவுகிறது. தாவியவுடன் நேரே புதிய கெர்னலுக்குப் போவதில்லை. இடையில் ஒரு சிறு நிரல் காவல் நிற்கிறது. அதற்கு அதனை ஆக்கியோர் இட்ட பெயரைக் கேட்டால் நேயர்கள் வியப்பார்கள்: 'பர்கடரி'. நம் கத்தோலிக்க அன்பர்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்களே, அதுவேதான். இறந்த உயிர் மோட்சம் புகுமுன் தூய்மை பெறும் இடம் என்பது அவர்கள் சமயக் கொள்கை. ஒரு கெர்னலின் சாவுக்கும் மற்றதன் பிறப்புக்கும் நடுவே நிற்கும் நிரலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

அந்நிரல் செய்யும் சோதனை இன்றியமையாதது. இரண்டாங் கெர்னலை ஏற்றியபோதே அதன் ஒவ்வொரு பைட்டையும் சேர்த்துக் கணக்கிட்ட 256 பிட்டு முத்திரை எண் ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கும். இப்போது மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறது. ஒரு பிட்டு மாறியிருந்தாலும் எண்கள் ஒத்துவரா. ஒவ்வாவிடில் புதிய கெர்னலை எழுப்பாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. விதைநெல்லில் புழு விழுந்திருந்தால் விதைக்காமல் இருப்பதே நன்று என்பது போல.

இன்டெல் வகைப் பொறிகளில் வேறோர் இடர்ப்பாடும் இருந்தது. அவ்வகைக் கெர்னல் எழுவதற்கு நினைவகத்தின் தொடக்கத்திலுள்ள 640 கிலோபைட்டும் தேவைப்பட்டது. அதுவோ பழைய கெர்னல் பயன்படுத்திய இடம். 2005இல் வந்த முறையில், அந்த 640 கிலோபைட்டையும் ஒதுக்கிய பகுதிக்குள் முதலிற் படியெடுத்து வைத்துவிட்டுப் பின்னரே புதிய கெர்னலை எழுப்பினார்கள். டம்ப் எழுதும்போது அந்தப் படியே மூலத்தின் இடத்தில் காட்டப்படும். சான்று ஒன்றும் குலையாதிருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

எழுந்த கெர்னலுக்கு உலகம் மிகச் சிறியது. உன் நிலம் இந்த ஒதுக்கீடு மட்டுமே என்று அதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சுற்றிலும் விரிந்து கிடக்கும் பழைய நினைவகத்தை அது பார்க்கலாம், படிக்கலாம், குடியேறக் கூடாது. அந்தப் பழைய நினைவகம் முழுவதையும் ஒரே கோப்புப் போலக் காட்டும் வாயில் ஒன்று உண்டு. 'விஎம்கோர்' என்பது அதன் பெயர். எந்தெந்தப் பகுதியில் நினைவகம் இருந்தது, செயலகங்கள் தம் பதிவேட்டு மதிப்புகளை எங்கே எழுதி வைத்தன என்னும் குறிப்புக்கள் அதன் முகப்பில் இருக்கும்.

இனி, எவ்வளவு எழுதுவது? பெரிய வழங்கிப் பொறி ஒன்றில் 1 டெராபைட்டு நினைவகம் இருப்பதாகக் கொள்வோம். அத்தனையையும் வட்டில் எழுத நெடுநேரம் ஆகும்; அந்நேரம் முழுவதும் பொறி வேலைக்கு உதவாது; வட்டிலும் அவ்வளவு இடம் வேண்டும். அதிற் பெரும்பகுதி நமக்குத் தேவையற்றது. ஆகவே 'மேக்டம்ப்ஃபைல்' என்னும் நிரல் பதரைத் தூற்றி மணியை எடுக்கிறது. வெறும் சுழியங்கள் நிறைந்த பக்கங்களுக்கு 1 என்று எண். வட்டிலிருந்து படியெடுத்து வைத்திருந்த பக்கங்களுக்கு 2. அவற்றுள் தனி வகையினவற்றுக்கு 4. பயனர் நிரல்களின் தகவலுக்கு 8. யாருக்கும் கொடுக்கப்படாத காலிப் பக்கங்களுக்கு 16. எவற்றை விலக்க வேண்டுமோ அவற்றின் எண்களைக் கூட்டிச் சொன்னாற் போதும். அனைத்தையும் விலக்க 31. இரண்டின் அடுக்குகளாக எண்களை வைத்தமையால், எந்தக் கூட்டுத்தொகையைச் சொன்னாலும் அது எவ்வெவற்றின் கூட்டு என்பது ஐயமின்றி விளங்கும். கணக்கு வகுப்பில் இரும எண்கள் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவனுக்கு இதனைச் சொல்லலாம்.

விலக்குவதற்கும் விலை உண்டு. பயன் முடிந்து திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தை மறுபடி தொடுவதும் கெர்னல் பிழைகளுள் ஒரு வகை. அப்போது சான்று காலிப் பக்கத்தில்தான் கிடக்கும். அதனை நாமே பதர் என்று தூற்றிவிட்டோம்! ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்து, பிடிபடாமலும் இருந்தால், விலக்கும் எண்ணைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமை.

தூற்றுவதற்கும் இடம் வேண்டும் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. 1 டெராபைட்டை 4 கிலோபைட்டுப் பக்கங்களாகப் பிரித்தால் 26 கோடியே 84 இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் வருகின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் கெர்னல் வைத்திருக்கும் பதிவு வழக்கமாக 64 பைட்டு. பதிவேடு மட்டுமே 16 கிகாபைட்டு ஆகிறது. அதனைப் படித்து, 'உண்டு', 'இல்லை' என்று பக்கத்துக்கு ஒரு பிட்டு குறித்துக்கொண்டால் 32 மெகாபைட்டு. இருவகைக் குறிப்பு வேண்டியிருப்பதால் 64 மெகாபைட்டு. ஒதுக்கீடு மொத்தமே 128 மெகாபைட்டு என்றால், பாதியைக் குறிப்பேடே விழுங்கிவிடும். நினைவகம் 2 டெராபைட்டு ஆனால் முழுவதையும் விழுங்கிவிடும். எனவே நினைவகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்குக் குறிப்பெடுத்து எழுதி முடித்து, அதே குறிப்புத்தாளை அழித்து அடுத்த துண்டுக்குப் பயன்படுத்தும் சுழல்முறையை மேற்கொண்டார்கள். சிலேட்டு ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய கணக்கைப் போட்டு முடித்த தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு இது புதிதன்று.

ஆக, ஒதுக்கீடு எவ்வளவு என்பதே பொறிக்காவலர்களின் தீராத வழக்கு. லினக்ஸ் ஆவணத்தில் எடுத்துக்காட்டாக ஓர் அளவு தரப்பட்டுள்ளது: நினைவகம் 512 மெகாபைட்டுக்குக் குறைந்தால் ஒதுக்கவே வேண்டா, 512 மெகாபைட்டு முதல் 2 கிகாபைட்டு வரை 64 மெகாபைட்டு, அதற்கு மேல் 128 மெகாபைட்டு. இன்றைய பெரிய பொறிகளுக்கு இது போதாமற்போவதும் உண்டு. இயக்கிகள் பெருகிவிட்டன, ஒவ்வொன்றும் எழும்போது தனக்கொரு பங்கு கேட்கிறது. செயலகம் ஒவ்வொன்றும் தனி நினைவகம் கேட்கிறது. அதனால்தான் இரண்டாங் கெர்னலைப் பெரும்பாலும் ஒரே செயலகத்தில் ஓடவிடுகிறார்கள். பழங்கருவிகள் சில 4 கிகாபைட்டுக்குக் கீழ்ப்பட்ட முகவரிகளையே அறியும். அவற்றுக்காகக் கீழே ஒரு சிறு பங்கும் வைக்க வேண்டும். ஒதுக்கீடு குறைந்தால், வாக்குமூலம் எழுத வந்தவனே இடமின்றி மூச்சுத் திணறி வீழ்வான். சான்றும் போய், ஒதுக்கிய இடமும் வீணாகும். மிகுந்தால், நாள்தோறும் உதவியிருக்கக் கூடிய நினைவகம் ஆண்டுக்கணக்கில் வாளா கிடக்கும். ஆயிரக்கணக்கான பொறிகளை வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கு அந்த இழப்பு சிறிதன்று என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் மருத்துவமனை, மின்வாரியம், இரயில்வே போன்ற இடங்களில் இதிற் கஞ்சத்தனம் காட்டுவதை என்னால் ஒப்ப இயலவில்லை. அங்கே ஒரு பிழை மறுமுறை வராதிருப்பதன் மதிப்பு சில நூறு மெகாபைட்டுகளைவிடப் பெரிது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பவர் வகைப் பொறிகளில், பொறியின் அடிப்படை நிரலே நினைவகத்தை அழியாமற் காத்துக் கொடுக்கும் வேறொரு முறையும் உண்டு. அதன் விரிவுக்குள் புக இப்போது நேரமில்லை.

எழுதி முடித்த டம்பைப் படிப்பது தனிக் கலை. 'கிராஷ்' என்னும் பெயருடைய கருவி ஒன்று அதற்கு உதவுகிறது. வீழ்ந்த கெர்னல் எந்தப் பதிப்போ, அதே பதிப்பின் பெயர்ப்பட்டியல் கையில் இல்லாவிடில் டம்ப் வெறும் எண்களின் காடு. இருந்தால், இறுதிக் கணத்தில் எந்தச் செயல்முறை எதனை அழைத்தது, அது வேறு எதனை அழைத்தது என்னும் வரிசை பின்னோக்கி விரிகிறது.

இவ்வளவும் சொல்லியபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது தகாது. மரண வாக்குமூலம் கொடுப்பவன் குற்றவாளியின் பெயரை மட்டுமா சொல்வான்? வீட்டு இரகசியங்களும் வாயில் வந்துவிடும். நினைவகத்தின் படி என்றால் அதிலிருந்த கடவுச்சொற்கள், திறவுகோல்கள், நோயாளியின் குறிப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றின் படியும் ஆகும். 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. சீன நாட்டைச் சார்ந்தது என்று அந்நிறுவனம் கருதிய ஒரு குழுவினர், அதன் கையொப்பத் திறவுகோல் ஒன்றைக் கைப்பற்றி, அமெரிக்க அரசுத் துறைகள் உள்ளிட்டோரின் மின்னஞ்சல்களைப் படித்துவிட்டனர் என்பதே செய்தி. திறவுகோல் எவ்வாறு வெளியேறிற்று? அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் ஒரு விளக்கம் தந்தது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் கையொப்பமிடும் பொறியமைப்பு ஒன்று விழுந்தது; அதன் டம்பில் இருக்கக்கூடாத திறவுகோல் இருந்துவிட்டது; சோதனைகள் அதனைக் கண்டுகொள்ளவில்லை; காவல் மிகுந்த இடத்திலிருந்து, பிழை ஆராயும் சாதாரண இடத்துக்கு அந்த டம்ப் பெயர்க்கப்பட்டது; பொறியாளர் ஒருவரின் கணக்கு வழியாக அது களவு போயிருக்கலாம் என்றது. 2024 மார்ச்சில் அந்நிறுவனமே தன் விளக்கத்தைத் திருத்தி, திறவுகோல் அடங்கிய டம்ப் எதனையும் தான் கண்டெடுக்கவில்லை என்று தெரிவித்தது. ஆகையால் களவு டம்ப் வழியாகத்தான் நேர்ந்தது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. 22 அமைப்புகளும் 500க்கு மேற்பட்ட தனி மனிதர்களும் இதனால் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க அரசின் ஆய்வுக்குழு 2024இல் எழுதியது. அவ்வாறு நடந்திருக்கக்கூடும் என்று அத்தகைய நிறுவனமே நம்பியது என்பது ஒன்றே டம்பின் ஆபத்தை அறியப் போதுமானது.

பயனர் பக்கங்களை விலக்கும் அந்த 8 என்னும் எண் இடத்தை மிச்சப்படுத்துவது மட்டுமன்று, பிறர் மறையையும் ஓரளவு காக்கிறது என்பது இப்போது விளங்கும். ஓரளவு என்றது, கெர்னலின் சொந்தப் பக்கங்களிலும் திறவுகோல்கள் தங்கும் என்பதனால். டம்ப் இருக்கும் கோப்புறையைப் பொறிக்காவலர் ஒருவரே திறக்கும்படி வைப்பதும், வேறு பொறிக்கு அனுப்பும்போது மறையாக்கி அனுப்புவதும், ஆராய்ச்சி முடிந்தவுடன் அழிப்பதும் நல்ல அலுவலகங்களில் உள்ள வழக்கம். பழுதுபார்க்கக் கொடுக்கும் வீட்டுக் கணிப்பொறியிலும் பழைய டம்ப்கள் கிடக்கலாம் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

கேடம்ப் அமைத்துவிட்டோம் என்று பலர் அமைதியாக இருந்துவிடுகிறார்கள். ஓராண்டில் கெர்னல் மாறும், புதிய கருவி சேரும், ஒதுக்கீடு போதாமற்போகும். பொறி விழும் அன்றுதான் அது தெரியவரும். இதனைச் சோதிக்க லினக்ஸிலேயே வழி உண்டு. குறித்த கோப்பு ஒன்றில் 'சி' என்னும் ஓர் எழுத்தை எழுதினால், கெர்னல் வேண்டுமென்றே வீழ்ந்துவிடும். வேலையற்ற விடுமுறை நாளில், சேமிக்க வேண்டியவற்றைச் சேமித்துவிட்டு, இதனைச் செய்து பார்ப்பார்கள். திரை ஒரு கணம் இருளும். இரண்டாங் கெர்னல் தன் சிறு நிலத்தில் எழும். விழுக்காட்டு எண் மெல்ல ஏறும். எழுதி முடிந்ததும் பொறி தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். தொடங்கும் கெர்னல் தன் முதல் வேலைகளுள் ஒன்றாக அதே அளவு இடத்தை மீண்டும் ஒதுக்கி வைக்கிறது.